குஞ்சு விருந்துக்குப் போன வீடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டு, வளர்ப்புக் கார்ட்டர் பாம்புக்கு என்ன தீனி கொடுக்கச் சொல்லலாம் என்று கேட்டீர்கள். பட்டியல்தான் வேண்டும் என்றால் அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவும் சொல்லும். என்னிடம் இருப்பது அந்தப் பட்டியலைத் தலையில் வைத்துக்கொண்டே நான் அடித்த கூத்து. முப்பது வருஷத்துக்கு மேல் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கிப் பூனைகளுக்கும், சந்து சந்தாக மேயும் ஆடுகளுக்கும் வைத்தியம் பார்த்தவள் நான். என்னை உதைத்த ஆடுகளை எல்லாம் மறந்துவிட்டேன். ஒரு பாம்பு மட்டும் மறக்கவில்லை. அது என்னைக் கடிக்கக்கூட இல்லை.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு காலை நேரம். கிச்சாமணி சாமி எங்கள் கிளினிக்குக்கு வந்தார். பாலக்காட்டுப் பக்கத்து ஐயர், சேர்லாயில் தனியாக இருப்பவர், சத்யை விருந்து சமைப்பதில் கெட்டிக்காரர். கல்யாணமோ, கோயில் அன்னதானமான ஊட்டோ, எது வந்தாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு அப்பளத் தகர டின். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது.

"டாக்டர், இவன் பதினாறு நாளா ஒண்ணும் தொட மாட்டேங்கறான். நேக்குப் பயமா இருக்கு" என்று மூடியைத் திறந்தார். உள்ளே கட்டை விரல் கனத்தில், முதுகில் மூன்று மஞ்சள் கோட்டோடு ஒரு பாம்பு.

இந்த நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்தால் வனத்துறை வந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இது வெளிநாட்டு இனம், வளர்ப்பிலேயே பிறந்தது. வில்லிங்டன் தீவில் வேலை பார்த்த அவருடைய மருமான் காகிதங்களோடு வாங்கி வளர்த்தது. அவனுக்கு வடக்கே மாற்றலானபோது, ஆறு மாசம் மட்டும் என்று மாமாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். பெயர் குஞ்சு.

"என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வெரைட்டிக்குக் கொறையே இல்லை டாக்டர். கார்த்தால பயத்தங்கஞ்சி. மத்யானம் ஒரு நாள் அவியல், ஒரு நாள் எரிசேரி, ஒரு நாள் ஓலன். சாம்பார்ல காரமே போடலை. ஓலனை மட்டும் ஒரு தடவை மோந்து பார்த்தான்."

நான் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். இது மீன், மண்புழு, குட்டி எலி தின்கிற உயிர், காய்கறி ஒன்றுமே இதற்கு ஆகாது என்று பொறுமையாகச் சொன்னேன். மனிதர் வெளிறிப் போனார்.

"மருமான் சொல்லலையே! எல்லாம் சாப்பிடும் மாமா, மாத்தி மாத்திக் கொடுங்கோன்னுதானே சொன்னான்."

உண்மையைச் சொன்னால் மாமா டின்னைக் கையால்கூடத் தொடமாட்டார் என்று மருமானுக்குத் தெரியும். படித்த பையன்.

"வேற யாருக்காவது கொடுத்துடுங்களேன்" என்றேன்.

"அதெப்படி டாக்டர்? நான் காய் நறுக்கறச்சே கண்ணாடிப் பெட்டிக்குள்ளேந்து முழு நேரமும் பார்த்துண்டே இருக்கான். எங்காத்துல நான் என்ன பண்றேன்னு பார்க்க வேற யார் இருக்கா?" பிறகு குரலை இறக்கினார். "ஆனா ஆத்துக்குள்ள மீன் வரப்படாது. என் அடுக்களையும் அங்கேதானே? மீன் வாசனை அடிக்கறதுன்னு ஒருத்தர் சொல்லிட்டாப் போறும், ஒரு இலைக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டா. மாத்திரை ஏதாவது இருக்கா?"

மாத்திரை இல்லை. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் சட்டென்று ஒரு வழி சொன்னேன்: "அக்கம்பக்கத்துல மீன் வாங்குற வீட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டிட்டு வாங்க. சின்னதா, புது மீனா இருக்கணும், அவ்வளவுதான்." என்ன மீன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மீனில் வகை உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கும்.

அப்படித்தான் குஞ்சு வாரத்துக்கு இரண்டு நாள் விருந்துக்குப் போக ஆரம்பித்தது. எதிர்ச் சந்தில் சுலைகா இத்தாவின் வீடு. ராவுத்தர் குடும்பம், வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம். செவ்வாயும் சனியும் பத்து மணிக்குச் சாமி டின்னோடு போவார். வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். இத்தா டின்னை உள்ளே எடுத்துப்போய் ஊட்டிவிட்டு, மூடி, படியில் வைப்பார். ஊட்டி முடிந்து "கழிஞ்சு சாமி, ஆச்சு" என்று குரல் வந்ததும் இவர் திரும்புவார். ஒரு தடவைகூடப் பாம்பு சாப்பிடுவதை அவர் பார்த்ததில்லை. பதிலுக்கு அன்றைய பாயசத்தில் ஒரு தூக்குப் போகும். விருந்தாளி யார், விருந்து யாருக்கு என்று பார்த்தால் தலை சுற்றும்.

இத்தா லேசுப்பட்ட ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நல்லதைத்தான் கொடுப்பார். அன்றைக்கு வந்ததில் துடிக்கத் துடிக்க இருக்கும் நத்தோலியாகப் பொறுக்கி, வாலைப் பிடித்து ஆட்டிக் காட்டுவார். குஞ்சு பாய்ந்து பிடிக்கும். நத்தோலியை உங்கள் ஊரில் நெத்திலி என்பீர்கள். ஒரு நாள் அயிலைத் துண்டு போட்டுப் பார்த்திருக்கிறார், அது முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அதற்குப் பிறகு நத்தோலி, நத்தோலி, நத்தோலி. இரண்டாவது மாசம் சாமி எடை பார்க்கக் கொண்டுவந்தார். எடை கூடியிருந்தது, தோல் பளபளத்தது. "ரொம்ப நல்லா இருக்கு, இதையே தொடருங்க" என்று சீட்டில் எழுதி அடியில் கோடும் போட்டேன். 'இது' என்றால் எது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அதற்கு மூன்று மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே மேஜையில் ஒரு ஆடு வயிறு உப்பிப் படுத்திருந்ததால், மற்றவர்களை முன்னறையிலேயே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நிறைய ஆள். அவர்களில் கோயில் உற்சவக் கமிட்டிச் செயலாளர் ஒருவர், மடியில் பொமரேனியனோடு. உற்சவத்தின் பத்து நாள் ஊட்டுக்கு ஒன்பது வருஷமாகக் கிச்சாமணி சாமிதான் கரண்டி பிடிக்கிறார். அந்தப் பத்து நாளை வைத்துத்தான் மற்றக் கல்யாணங்களும் அவரைத் தேடி வரும். அந்த வருஷத்துக்கு இன்னும் உறுதி சொல்லவில்லை, அடுத்த வாரம் கமிட்டி கூடவேண்டும்.

சாமி இடுப்பில் சமையல் துண்டோடு ஓடி வந்தார். ஏதோ கல்யாணத்துக்காகத் தன் அடுக்களையில் செய்துகொண்டிருந்த தாளிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். டின் இல்லை, இரண்டு கையிலும் பாம்பையே ஏந்திக்கொண்டிருந்தார். குஞ்சு கழுத்தை வானத்தைப் பார்த்து வளைத்துக்கொண்டு, திருகித் திருகிப் புரண்டது. மல்லாக்கப் போட்டால் நிமிரத் தெரியவில்லை. வால் நடுங்கியது.

"நிருத்தம் செய்யறதாக்கும்" என்றார் பூனை கொண்டுவந்த ஒரு அம்மாள் பக்தியோடு. இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தோன்றியது விஷம். சீசனுக்கு முன்னால் சமையலறையில் கரப்பான் மருந்து அடிப்பார்களே! கேட்டேன். ஆமாம், நான்கு நாள் முன்னால் அடித்தது என்றார். அப்புறம் என்ன, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. விஷமுறிவு மருந்தை ஊசியில் ஏற்றியும் விட்டேன். தப்பான நோய்க்கு அந்த மருந்து போனால், அந்தச் சின்ன உடம்பு தாங்காது. கை நடுங்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. தப்பாக நினைக்கிறவளுக்குக் கை நடுங்குவதில்லை.

எங்கள் கிளினிக்கில் ஒரு அட்டெண்டர் சேச்சி இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எட்டாம் வகுப்பு. எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் வாயிலிருந்து வந்தது, மீதிப் பாதிக்குத்தான் என்னிடம் சர்டிபிகேட் இருக்கிறது. அவர் என் ஊசிக்கும் பாம்புக்கும் நடுவில் கையை வைத்தார்.

"டாக்டரே, அந்த மருந்து அவிடே அடிச்சது நாலு நாள் முன்னே. இவன் இன்னிக்கல்லே புரள்றான்? இவன் எந்தா தின்னுறான்னு கேட்டோ?"

கேட்கவில்லை. ஐந்து மாசமாகக் கேட்கவில்லை. அந்த எரிச்சலில், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன்: "சாமி, இதுக்கு எந்த மீன் கொடுக்குறீங்க?"

அறை முழுக்கத் திரும்பியது. பொமரேனியன்கூட நிமிர்ந்து பார்த்தது. அப்போதுதான் எனக்குச் செயலாளர் இருப்பது உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்? வார்த்தை வெளியே போயாகிவிட்டது.

"மீனா?" என்றார் சாமி. முகத்தில் ரத்தமே இல்லை. "எந்த மீன்? டாக்டர் வேற யாரையோ நினைச்சுண்டு..." என்று செயலாளரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பால்தான். பால் பாயசம்..."

அந்தப் பொய்க்கு நான் உடந்தையாக இருந்திருக்கலாம். அவரைக் கையைப் பிடித்து, ஆடு இருந்தால் இருக்கட்டும் என்று உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். பத்து அடி வைத்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

குஞ்சு அவர் கையில் இன்னொரு தடவை திருகிக்கொண்டு, வாயைத் திறந்து மூடியது. சாமி அதைக் குனிந்து பார்த்தார். அப்புறம் செயலாளரைப் பார்க்கவே இல்லை.

"நேக்குத் தெரியாது டாக்டர். நான் பார்த்ததே இல்லை. இடுப்புல போன் இருக்கு, எடுத்து இத்தாவைக் கூப்பிடுங்கோ." கை இரண்டிலும் பாம்பு இருந்ததால் சேச்சிதான் போனை உருவி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாய்க்கு எதிரே பிடித்தார்.

"இத்தா, குஞ்சுக்கு என்ன மீன் கொடுத்தேள்?"

சுலைகா இத்தாவுக்குப் போன் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து பேசினால் அக்கரையில் வைப்பின் தீவுக்கே கேட்கும். "நத்தோலி சாமி! நல்ல பச்சை நத்தோலி! எப்பவும் அதுதான்! ஏன், இன்னும் வேணுமா? ஒரு கிலோ வாங்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கிடுங்க!"

பின் வரிசையில் யாரோ 'சிவ சிவா' என்றார்கள். செயலாளர் பொமரேனியனின் காதைத் தடவிக்கொண்டே எழுந்தார். நாய்க்கு ஊசி போடாமலே போய்விட்டார்.

"நத்தோலியோ!" என்றார் அட்டெண்டர் சேச்சி. "டாக்டரே, ஓர்மையில்லையா? கழிஞ்ச வருஷம் ஒரு பூச்சை தலை தொங்கிண்டு வந்ததே, பச்சை நத்தோலி மட்டும் தின்னுட்டு?"

ஞாபகம் வந்தது. அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்த்தவளே நான்தான். நத்தோலி மாதிரிச் சில மீன்களில் பி-1 சத்தை அழிக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. எப்போதாவது கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பச்சையாக அதையே மாசக்கணக்கில் கொடுத்தால் பூனையானாலும் பாம்பானாலும் நரம்பு இப்படித்தான் திருகிக்கொள்ளும். மருந்து என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. விஷமுறிவு ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு, பி-1 போட்டேன். சாயங்காலம் கழுத்து கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் நாள் மல்லாக்கப் போட்டதும் தானே திரும்பிக்கொண்டது. சேச்சி கை தட்டினார்.

இத்தா அன்றைக்கே ஓடி வந்து கிளினிக் வாசலில் உட்கார்ந்து அழுதார். "வந்த விருந்தாளியை ஊட்டி ஊட்டிக் கொல்லப் பார்த்தேனே டாக்டரே" என்று. கொல்லப் பார்த்தது நீங்கள் இல்லை, நான் என்றேன். எந்த மீன் என்று சொல்லாதது நான், எந்த மீன் என்று கேட்காதது நான். அவர் நம்பவில்லை. நாம் ஒப்புக்கொள்ளும்போது ஜனங்கள் நம்ப மாட்டார்கள், மழுப்பும்போது நம்பிவிடுவார்கள்.

சரி, நீங்கள் கேட்ட பட்டியலுக்கு வருகிறேன். அதைக் கடைசியில் போட்டது கிச்சாமணி சாமிதான். என்னையும் இத்தாவையும் சேச்சியையும் உட்காரவைத்து ஒரு பாட்டம் திட்டினார். என்னைத் திட்டினது இன்னும் காதில் இருக்கிறது: "அஞ்சு மாசம் ஒரே ஐட்டம்! எந்த ஊர்ப் பந்தி டாக்டர் இது? ரெண்டு நாள் தொடர்ந்து ஒரே கூட்டு போட்டா என்னை இலையால அடிப்பா!" சத்யைக்கு எழுதுகிற தாளிலேயே வரிசை எழுதினார். நான் திருத்தினேன். திலாப்பியா முள் எடுத்த துண்டு. மருந்தடிக்காத மண்ணில் தோண்டிய மண்புழு. இடப்பள்ளிக் கடையில் உறைந்தபடி கிடைக்கும் எலிக் குஞ்சு, முழுக்க இளகினபிறகு. அவருடைய உரத்தொட்டியில் சிவப்புப் புழு நிறைய இருக்கிறதே, அது ஆகுமா என்று ஆசையாகக் கேட்டார். "காய்த்தோல் மட்டும் தின்னு வளர்ந்தது டாக்டர். சுத்த சைவம்!" அந்தப் புழு பாம்புக்கு ஆகாது, விஷமாகவே போகலாம் என்று தடுத்தேன். அவருக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

எலிக் குஞ்சை வைக்க இத்தா தன் ஃப்ரிட்ஜைத் தரமாட்டேன் என்றுவிட்டார். கிளினிக்கில் தடுப்பூசி இருக்கிற இடத்தில் வைக்கக்கூடாது. கடைசியில் என் வீட்டில்தான், ஐஸ்கிரீம் டப்பாவில். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணமும் ஸ்பூனுமாகப் போய் அதைத் திறந்தார். அன்றிலிருந்து அவர் ஐஸ்கிரீம் சாப்பிடுவதில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு சாமி திரும்பி நிற்பதில்லை. இத்தாவின் அடுக்களைக்குள்ளேயே போய் உட்கார்ந்து பார்ப்பார். மீன் சந்தையில் பகல் வெளிச்சத்தில் நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தைக்குள்ளதாக்கும், வேண்டாம்" என்பார். அவர் நிற்கிற கடையில் வாங்கினால் மீன் நன்றாக இருக்கும் என்று தெருவே அவர் பின்னால் வரிசை கட்டியது. சைவச் சாமி காட்டின மீனை அசைவர்கள் வாங்கிப் போனார்கள்.

இதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் அந்த வருஷம் உற்சவ ஊட்டு வேறு ஆளுக்குப் போனது. சில கல்யாணங்களும் போயின. அதற்குக் காரணம் நத்தோலி இல்லை, என் வாய்.

மீதியைச் சொல்வது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆகவே அந்த நாயின் ஜாதியை மாற்றிச் சொல்லியிருக்கிறேன், அந்தச் செயலாளரின் பதவியையும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், தேடிக் கண்டுபிடிக்காதீர்கள். உற்சவம் முடிந்த மாசம் செயலாளர் மறுபடி வந்தார். நாய்க்குக் கணையம் வீங்கி வாந்தி. என்ன கொடுக்கிறீர்கள் என்று இந்தத் தடவை கதவைச் சாத்தியபின் கேட்டேன். தயிர் சாதம் மட்டும் என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதைப் போல உண்மையை வரவழைக்கும் மருந்து நம் தொழிலில் வேறில்லை. அவர் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, தினமும் மாலையில் ஹைவே ஹோட்டல் ஒன்றில் கோழி வறுவல் வாங்கி, காருக்குள்ளேயே, நாயும் அவருமாக...

"வெளில தெரியப்படாது டாக்டர். என் நிலைமை உங்களுக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பால் அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. நாய்க்கு மருந்து கொடுத்தேன், கொழுப்பை நிறுத்தச் சொன்னேன், வெளியே அனுப்பினேன்.

மறுநாளே கிச்சாமணி சாமி குஞ்சுவை எடை பார்க்கக் கொண்டுவந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நடு அறையில் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது, உங்கள் ஊட்டு என்னால் போனது என்றேன்.

"அய்யோ, டாக்டர், விடுங்கோ" என்றார் அவர். "அந்தச் செயலாளர் மேலேயும் தப்பு சொல்ல முடியாது. எப்பேர்ப்பட்ட சுத்தமான மனுஷர்! மாமிச வாசனை பட்டாலே ஸ்நானம் பண்ணுவாராம். அவர் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும், சொல்லுங்கோ?"

நாக்கின் நுனி வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்த மனிதருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! மட்டாஞ்சேரி முழுக்க ஒரே நாளில் பரவும், அடுத்த உற்சவத்துக்கு அவர் கரண்டியோடு திரும்பிப் போனாலும் போவார். என் கடனும் தீரும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பாம்பை எடை போட்டேன்.

"கஷ்டமாத்தான் இருந்திருக்கும் சாமி" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். "போன வாரம் ரெண்டு நாளும் திலாப்பியா ஆயிடுத்து டாக்டர். அவனுக்கு அலுத்துப் போயிருக்கும். இந்தச் செவ்வாய்க்கிழமை மண்புழு போட்டுடலாமா?"

போடலாம் என்றேன்.